சங்கத்துக்கு ஒரு கல்யாண மண்டபம்: டாட் ஆர்க் கணக்குப் புத்தகம்

(ஒலிவடிவத்திலிருந்து எழுத்துக்கு மாற்றி, சற்றுச் சுருக்கியது)

இன்னைக்கு ஒரு சங்கத்தோட வரவு செலவுக் கணக்கைப் பார்க்கப் போறோம். கணக்குன்னதும் அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. இந்தக் கணக்குக்குள்ள நீங்க தினமும் திறக்கிற இணையதளங்கள் இருக்கு. தமிழ் விக்கிப்பீடியா, மதுரைத் திட்டம், நூலகம் எல்லாத்துக்கும் முகவரி முடியிறது டாட் ஆர்க்லதான். அந்த டாட் ஆர்க் 2019ல கிட்டத்தட்ட விற்றே போயிருக்கும்.

முதல்ல நம்ம ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயம். ஒரு ஊர்ல வணிகர் சங்கம் இருக்கும். ஆரம்பத்துல ஆளுக்கு இவ்வளவுன்னு சந்தா. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு கடை கடையா ஏறி இறங்குவார். பாதிப் பேர் 'அடுத்த மாசம் வாங்க'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் யாரோ ஒரு தலைவர் காலத்துல சங்கத்துக்குச் சொந்தமா ஒரு கல்யாண மண்டபம் வரும். முகூர்த்த நாள்ல வாடகை கொட்டும். அதுக்கப்புறம் சந்தாவை யாரும் பெருசா கேட்கிறதில்லை. பொதுக்குழுவுக்கும் கூட்டம் குறைஞ்சுடும்.

நம்ம கதையில சங்கம் இன்டர்நெட் சொசைட்டி. மண்டபம் டாட் ஆர்க். இந்த ஒப்பீட்டை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபமாப் புரியும்.

சங்கம் எதுக்கு வந்தது?

1986 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோவில் 21 பேர் கூடினார்கள். அதுதான் ஐஇடிஎஃப் என்ற இணையப் பொறியாளர் குழுவின் முதல் கூட்டம். இணையத்தில் ஒரு கணினி இன்னொரு கணினியோடு எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளைப் பேசி முடிவெடுப்பது இவர்கள் வேலை. அந்த விதிகள் ஆர்எஃப்சி என்ற பெயரில் ஆவணங்களாக வெளிவரும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நம்மை மாதிரி ஆட்கள் வேலையில் தினம் புரட்டுற ஆவணங்கள் அவை.

ஆனா இந்தக் குழுவுக்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது, சந்தா கிடையாது. சட்டப்படி அது ஒரு நிறுவனமே இல்லை. கூட்டம் ஏற்பாடு செய்யவும் ஆவணங்களைப் பராமரிக்கவும் ஆகிற செலவை அமெரிக்க அரசுத் துறைகள் ஏற்றுக்கொண்டிருந்தன. 1990களின் தொடக்கத்தில், இந்த அரசுப் பணம் எத்தனை நாளைக்கு வரும் என்ற கவலை வந்தது. யாராவது வழக்குப் போட்டால் பதில் சொல்லச் சட்டப்படி ஒரு அமைப்பும் தேவைப்பட்டது.

அப்படித்தான் இன்டர்நெட் சொசைட்டி பிறந்தது. 1991 ஜூனில் கோபன்ஹேகனில் நடந்த ஒரு மாநாட்டில் அறிவித்தார்கள். 1992ல் தொடங்கியது. முன்னால் நின்றவர்கள் வின்ட் செர்ஃப், பாப் கான், லைமன் சேப்பின். செர்ஃபும் கானும் இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி/ஐபியை வடிவமைத்தவர்கள். லாப நோக்கமற்ற சங்கம். தனிநபர்களும் சேரலாம், நிறுவனங்களும் சேரலாம்.

தனிநபர் சந்தா வருஷத்துக்கு 35 டாலர். நிறுவனங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. இதுக்கு மேல மாநாடு நடத்தினா வர்ற கட்டணம். அவ்வளவுதான் வரவு.

சந்தா கட்டின தனிநபருக்கு ஒரு உரிமை இருந்தது. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடலாம். இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சந்தாவில் ஓடாத வண்டி

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்தாயிரம் பேர் தவறாமல் 35 டாலர் கட்டினாலும் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் டாலர்தான். அதில் அலுவலகம், சம்பளம், பயணம் எல்லாம் பார்க்கணும். உறுப்பினர் சந்தாவை வசூல் பண்றதே ஒரு செலவு. புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டணும், ரசீது அனுப்பணும், பல நாட்டுப் பணத்தை மாத்தணும்.

அதே நேரம் செலவு கூடிக்கொண்டே போனது. ஆர்எஃப்சி ஆவணங்களைத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல். 1998 அக்டோபரில் அவர் காலமானார். அந்தக் காலகட்டத்திலேயே, ஆர்எஃப்சி பதிப்பு வேலைக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க அரசு நிதியும் நின்றது. அந்தச் செலவு சங்கத்தின் தலையில் வந்து விழுந்தது.

இதுல இருக்கிற சிக்கலைப் பாருங்க. ஆர்எஃப்சி இலவசம். அதைப் படிச்சுக் கருவி செய்து விற்கிற கம்பெனி சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும் பலன் ஒண்ணுதான். அப்போ எதுக்குக் கட்டணும்? தெருவிளக்குக்கு யார் காசு கொடுக்கிறதுங்கிற அதே பழைய பிரச்சினை. எல்லாருக்கும் வெளிச்சம் விழும், பில் மட்டும் யாராவது ஒருத்தருக்கு வரும்.

2000ல் டாட்காம் நிறுவனங்களின் பங்குகள் சரியத் தொடங்கின. 2001 வாக்கில் சங்கம் கடுமையான பண நெருக்கடியில் இருந்தது. அந்த நேரத்தில்தான் உறுப்பினர் முறையையும் மாற்றினார்கள். தனிநபர்கள் இனி சந்தா கட்ட வேண்டாம், இலவசமாகவே சேரலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? ஆனால் சந்தாவோடு சேர்ந்து ஓட்டும் போனது. அதன்பின் நிர்வாகக் குழுவை நியமிக்கும் பொறுப்பு நிறுவன உறுப்பினர்கள், ஊர் ஊராக இருக்கும் கிளைகள், ஐஇடிஎஃப் ஆகிய மூன்று தரப்பிடம் இருந்தது.

மண்டபம் எங்கிருந்து வந்தது?

இப்போ கொஞ்சம் பின்னாடி போய் டாட் ஆர்க் பக்கம் வருவோம்.

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் மூன்றும் 1985ல் வந்தவை. ஆர்க் என்பது பெரும்பாலும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு. 1993லிருந்து இந்தப் பெயர்களைப் பதிவு செய்யும் ஒப்பந்தம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. முதலில் பதிவு இலவசம், செலவை அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்தது. 1995 செப்டம்பரில் கட்டணம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு 100 டாலர்.

ஒரு தரவுத்தளத்துல ஒரு வரி சேர்க்க 100 டாலர்! இந்தத் தொழில்ல எவ்வளவு காசுன்னு அப்பத்தான் உலகத்துக்குப் புரிஞ்சது. 2000ல் வெரிசைன் நிறுவனம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸை வாங்கியது. விலை சுமார் 2,100 கோடி டாலர், பங்குகளாக.

இதற்கிடையே 1998ல் ஐகான் அமைப்பு உருவானது. இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைப்பது அதன் வேலை. இதுவும் லாப நோக்கமற்றது, கலிபோர்னியாவில் பதிவானது. மூன்று பெயர்களும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்ற எதிர்ப்பு வலுத்தது. 2001ல் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. வெரிசைன் டாட் காமை வைத்துக்கொள்ளும், 2002 முடிவில் டாட் ஆர்க்கை விட்டுக்கொடுக்கும். அதை எடுத்து நடத்த வருகிறவர் லாப நோக்கமற்ற அமைப்பாக இருந்தால், தொடக்க நிதியாக 50 லட்சம் டாலரும் தரும்.

2002ல் ஐகான் விண்ணப்பம் கேட்டது. 11 பேர் போட்டி போட்டார்கள். அதில் ஜெயித்தது நம்ம சங்கம், கையில் காசில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த இன்டர்நெட் சொசைட்டி.

எப்படி நடத்தினார்கள்? பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு லாப நோக்கமற்ற துணை அமைப்பை பென்சில்வேனியாவில் பதிவு செய்தார்கள். சுருக்கமாக பிஐஆர். தொழில்நுட்ப வேலையை அஃபிலியாஸ் என்ற நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். 2003 ஜனவரியில் சாவி கைமாறியது. அப்போது ஒரு பெயருக்கு வருஷத்துக்கு மொத்த விலை 6 டாலர்.

நாம நேரா பிஐஆர் கிட்ட வாங்குறதில்லை. பதிவாளர் கம்பெனி ஒண்ணுகிட்ட வாங்குவோம். அவங்க பிஐஆருக்கு இந்த மொத்த விலையைக் கட்டிட்டு, மேல அவங்க லாபத்தை வெச்சு நம்மகிட்ட வாங்குவாங்க.

வாடகை கொட்டிய காலம்

அடுத்த பதினைந்து வருஷத்தில் டாட் ஆர்க் பெயர்கள் ஒரு கோடியைத் தாண்டின. மொத்த விலையும் மெதுவாக ஏறி 2019ல் 9.93 டாலரானது. ஒரு கோடி பெயர், பெயருக்குப் பத்து டாலர். வருஷ வரவு ஏறத்தாழ பத்துக் கோடி டாலர். பிஐஆர் நடத்தும் செலவு போக, சங்கத்துக்குக் கிடைத்தது வருஷத்துக்கு ஏறத்தாழ ஐந்து கோடி டாலர். சங்கத்தின் வரவில் மிகப் பெரும்பகுதி இதுதான்.

இந்தப் பணம் வீணாப் போச்சுன்னு சொல்ல வரலை. ஐஇடிஎஃப் செலவுக்கு இது முட்டுக் கொடுத்தது. ஆர்எஃப்சி தொடர்ந்து இலவசமா இருக்கு. பல நாடுகளில் இணைய இணைப்பு மையங்கள் அமைக்க, பயிற்சி தர, உதவித்தொகை கொடுக்கப் பணம் போனது.

ஆனா கணக்குப் புத்தகத்தை ஒரு பொருளாளர் கண்ணோட பாருங்க. ஒரே மண்டபம். நாளைக்கே எல்லாரும் டொமைன் பெயரே வேண்டாம், செயலி போதும்னு போயிட்டா? ஒப்பந்தம் புதுப்பிக்கலைன்னா? சங்கம் படுத்துடும். எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருக்கிற கவலை நியாயமான கவலை.

113.5 கோடி டாலர்

2019 நவம்பர் 13 அன்று ஒரு அறிவிப்பு வந்தது. பிஐஆரை எத்தோஸ் கேபிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் போகிறோம். எத்தோஸ் அதே வருஷம் தொடங்கப்பட்ட நிறுவனம். ஐகானின் முன்னாள் தலைமை நிர்வாகி ஃபாடி ஷெஹாடே அவர்களுக்கு ஆலோசகர். பேச்சுவார்த்தை ரகசியமாக நடந்து முடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. விலை 113.5 கோடி டாலர் என்பது சில நாள் கழித்து வந்தது.

இதுக்கு நாலரை மாசம் முன்னாடி நடந்த இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கணும். 2019 ஜூன் 30 வரை டாட் ஆர்க் விலையை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்று ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருந்தது. புதுப்பித்தபோது ஐகான் அந்த வரம்பை எடுத்துவிட்டது. கருத்துக் கேட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன, கிட்டத்தட்ட எல்லாமே எதிர்ப்பு. இருந்தும் எடுத்தார்கள்.

சங்கத்தின் வாதம் என்ன? அன்றைய தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ சல்லிவன் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரே தொழிலை நம்பி இருப்பது ஆபத்து, இந்தப் பணத்தை நிரந்தர நிதியாக வைத்தால் சங்கத்துக்கு நிலையான வருமானம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 113.5 கோடியை முதலீடு செய்து வருஷத்துக்கு நாலரை சதவீதம் எடுத்தால், ஐந்து கோடிக்குக் கொஞ்சம் மேல். அதாவது மண்டபத்திலிருந்து இப்போ வருகிற அதே பணம், நடத்துற தலைவலி இல்லாமல். பொருளாளர் நாற்காலியில உட்கார்ந்து பார்த்தா கையெழுத்துப் போடத் தோணும், சத்தியமா.

அதே கணக்கை வாங்குகிறவர் பக்கமிருந்து போடுங்க. வருஷத்துக்கு ஐந்து கோடி தருகிற மண்டபத்துக்கு 113.5 கோடி கொடுக்கிறார். அதுல 36 கோடி கடன். அந்தக் கடன் பிஐஆர் தலையிலேயே ஏறும். வட்டி கட்டணும், முதலீட்டாளருக்கு லாபம் காட்டணும். ஐந்து கோடி பத்தாது. கூடுதல் பணம் எங்கிருந்து வரும்? வாடகைக்கு இருக்கிற ஒரு கோடிப் பேரிடமிருந்துதான் பெரும்பாலும்.

எட்டு வருஷத்துக்குச் சராசரியாக வருஷம் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று எத்தோஸ் வாக்குக் கொடுத்தது. பத்து சதவீதம் சின்னதாத் தெரியும். ஆனா கூட்டு வட்டி மாதிரி எட்டு வருஷம் ஏறினா 9.93 டாலர் 21 டாலரைத் தாண்டும்.

'விலை ஏறினா வேற பெயருக்கு மாறிக்கலாமே'ன்னு கேட்கலாம். கல்யாணம் பண்றவருக்கு அடுத்த தெருவுல வேற மண்டபம் கிடைக்கும். டொமைன்ல அது நடக்காது. மதுரைத் திட்டத்தை எடுத்துக்கோங்க. 1998லிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றி வர்றாங்க. எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளிலும் வலைப்பதிவுகளிலும் அந்த முகவரி சுட்டியாக இருக்கு. முகவரி மாறினா அத்தனை சுட்டியும் அறுந்துபோகும். பழைய முகவரியைக் கைவிட்டா வேற யாராவது வாங்கி அதுல சூதாட்ட விளம்பரம் போடலாம். அதனால எவ்வளவு கேட்டாலும் கட்டித்தான் ஆகணும். விலை உச்சவரம்பு முக்கியம் என்றது இதனால்தான்.

விலையைவிட இன்னொரு பயமும் இருந்தது. அரசுகளையும் பெரிய நிறுவனங்களையும் எதிர்த்துப் பேசுகிற பல அமைப்புகள் டாட் ஆர்க்கில் இருக்கின்றன. ஒரு முகவரியை முடக்கும் சாவி பதிவகத்திடம் இருக்கிறது. லாபத்துக்காக நடத்துகிறவர் மிரட்டலுக்கு எவ்வளவு தாங்குவார் என்று கேட்டார்கள்.

யார் தடுத்தது?

எதிர்ப்பு கிளம்பியது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் உள்ளிட்ட அமைப்புகள் இயக்கம் நடத்தின. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஐகான் அலுவலகத்துக்கு வெளியே பதாகையோடு நின்றார்கள்.

கவனிங்க, நின்றது சங்கத்தோட பொதுக்குழுவுல இல்லை. உலகம் முழுக்க சங்கத்துக்குப் பல்லாயிரம் உறுப்பினர்கள் இருந்தார்கள். இலவசமாகச் சேர்ந்தவர்கள். விற்கலாமா வேண்டாமா என்று அவர்களிடம் ஓட்டெடுப்பு நடக்கவில்லை, நடத்தச் சட்டப்படி அவசியமும் இல்லை. 2001ல் சந்தாவோடு போன ஓட்டு கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து இங்கே வந்து நின்றது.

கடைசியில் கலிபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல் ஹேவியர் பெசெரா 2020 ஏப்ரல் 15 அன்று ஐகானுக்குக் கடிதம் எழுதினார். ஐகான் கலிபோர்னியாவில் பதிவான பொதுநல அமைப்பு, அதைக் கண்காணிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. விற்பனையை அனுமதிக்காதீர்கள் என்றார். ஏப்ரல் 30 அன்று ஐகான் நிர்வாகக் குழு ஒப்புதல் மறுத்தது. பொதுநலனுக்காக இருந்த ஒரு அமைப்பு முதலீட்டாளர்களுக்குக் கட்டுப்பட்டதாக மாறுவது, 36 கோடிக் கடன் இரண்டும் அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை.

ஒப்பந்தம் முறிந்தது. டாட் ஆர்க் இன்றும் பிஐஆரிடம், பிஐஆர் இன்றும் சங்கத்திடம். ஒரே கூடை பிரச்சினையும் அப்படியே இருக்கு.

கணக்கிலிருந்து என்ன எடுத்துக்கலாம்?

நிர்வாகிகளை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. மண்டபம் இல்லாமல் இருந்திருந்தால் சங்கமே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான். 35 டாலர் சந்தாவில் உலக இணையத்துக்கு விதி எழுதுகிற வேலையைத் தாங்க முடியாது.

ஆனா சந்தாவுக்கு ரெண்டு வேலை உண்டு. ஒண்ணு பணம் தர்றது. அந்த வேலையை வாடகை இன்னும் நல்லாவே செய்யும். ரெண்டாவது, கேள்வி கேட்க ஒரு ஆளை உட்கார வைக்கிறது. அந்த வேலையை வாடகையால செய்ய முடியாது. சங்கம் முதல் வேலைக்கு மாற்று கண்டுபிடிச்சது, ரெண்டாவதுக்குக் கண்டுபிடிக்கலை. அதனால நிர்வாகிகள் தப்பாக் கணக்குப் போட்டப்போ நிறுத்த உள்ளே போதுமான ஆள் இல்லை, வெளியே இருந்து ஒரு மாநில அரசு அதிகாரி வர வேண்டியிருந்தது. அவர் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் முடிவு எப்படிப் போயிருக்கும்னு யாரும் உறுதியாச் சொல்ல முடியாது.

உங்க ஊர்ல, உங்க அடுக்குமாடிக் குடியிருப்புல, நீங்க இருக்கிற ஏதாவது சங்கத்துல இந்த வருஷம் கணக்கு வாசிச்சா ரெண்டு வரியைத் தேடிப் பாருங்க. மொத்த வரவில் ஒரே இடத்திலிருந்து எவ்வளவு வருது? அந்த இடத்தை விற்கணும்னா யாருடைய கையெழுத்து போதும்? ரெண்டாவது கேள்விக்கு 'தலைவரும் செயலாளரும்' என்பதுதான் பதில்னா, துணை விதிகளைத் திருத்த இதுதான் நேரம். மண்டபம் கேட்டு ஆள் வந்த பிறகு திருத்த முடியாது.

இந்த எபிசோடு பற்றி உங்க கருத்தையும், உங்க சங்கக் கணக்கில் நீங்க கண்ட விசித்திரங்களையும் எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் வேற ஒரு கதையோட பார்ப்போம்.